மார்கழிக் குளிரும் வீட்டுக்கோழியும்: எதை மூடுவது, எதைத் திறந்து வைப்பது?

கார்த்திகை பிறந்ததும் ஓசூர்ப் பக்கம் வாடைக்காற்று திரும்பிவிடும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த மேட்டு நிலத்தில், மார்கழி, தை மாத இரவுகளில் வெப்பம் 15 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இறங்குவது வழக்கம். 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர் வாங்கிய தளியிலும், தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் சுற்றுவட்டாரத்திலும் விடிந்து வெகுநேரம் வரை பனி விலகாத நாள்கள் உண்டு.

வீட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கு இழப்பு அதிகம் வருவதும் இந்த நாள்களில்தான். முதல் நாள் மாலை தாயோடு சுற்றித் திரிந்த பன்னிரண்டு குஞ்சுகளில் நாலைந்து காலையில் விறைத்துக் கிடக்கும். பெரிய கோழிகள் மூக்கொழுக, தொண்டை கரகரக்க நிற்கும். 'குளிர் தாங்கவில்லை' என்று வீட்டார் கூட்டைச் சுற்றிச் சாக்கும் பிளாஸ்டிக் தாளும் கட்டி, ஓர் ஓட்டை விடாமல் அடைப்பார்கள். அடுத்த வாரம் சளி இன்னும் கூடும்.

இதற்குக் காரணம் எளிது. வளர்ந்த கோழியைக் குளிர் கொல்வதில்லை; ஈரமும் அடைபட்ட காற்றுமே கொல்கின்றன. குஞ்சுக்கு மட்டும்தான் வெளியிலிருந்து சூடு வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால் குளிர்கால இழப்பில் பெரும்பகுதியைச் செலவில்லாமல் தவிர்க்கலாம்.

இறகே போர்வை

கோழியின் உடல் வெப்பம் 41 முதல் 42 டிகிரி வரை இருக்கும். மனிதர்களைவிட நான்கைந்து டிகிரி அதிகம். குளிரும்போது கோழி இறகுகளைச் சிலிர்த்துக்கொள்ளும். இறகுகளுக்கு இடையே சிக்கும் காற்று போர்வையைப் போல உடல் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். பரணில் உட்கார்ந்தால் வயிற்று இறகு கால்களையும் மூடிவிடும். தலையை இறக்கைக்குள் செருகிக்கொண்டால் கொண்டை வழியே போகும் சூடும் மிச்சம்.

ஏரியும் குளமும் உறைந்துபோகும் நாடுகளில்கூட வீட்டுக்கோழி வளர்க்கிறார்கள். அங்கெல்லாம் முதலில் சொல்லும் பாடம், 'கூடு காய்ந்திருக்க வேண்டும், காற்று மாற வேண்டும், ஆனால் கோழியின் மேல் நேராக வீசக்கூடாது' என்பதே. அப்படிப் பார்த்தால் ஓசூரின் 12, 13 டிகிரி குளிர் இறகு முளைத்த கோழிக்குப் பெரிய சோதனையே இல்லை.

ஆனால் இறகு நனைந்துவிட்டால் அந்தப் போர்வை பயன்படாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த கோழி, சொட்டும் கூரையின் கீழ் நின்ற கோழி, ஈரத்தரையில் படுத்த கோழி ஆகியவைதான் முதலில் நோயில் விழும்.

மூக்கே சோதனைக் கருவி

இரவு முழுவதும் கோழிகள் விடும் மூச்சில் ஈரம் இருக்கிறது. எச்சத்திலும் ஈரம் இருக்கிறது. கூட்டை முழுதாக அடைத்தால் அந்த ஈரம் வெளியேற வழியின்றித் தகரக் கூரையில் படிந்து, விடியலில் சொட்டும். ஈர எச்சத்திலிருந்து அம்மோனியா வாயு கிளம்பும். அது கோழியின் மூச்சுக்குழாயை அரித்துச் சளி நோய்க்கு வழி திறந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. விடியற்காலையில் கூட்டைத் திறந்ததும் கோழியின் தலை உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்தால் போதும். மூக்கு எரிந்தாலோ, கண் கரித்தாலோ, இரவெல்லாம் கோழி அந்தக் காற்றைத்தான் சுவாசித்திருக்கிறது என்று பொருள்.

கூட்டை மறைக்கும் முறை இதுதான். வாடைக்காற்று வரும் வடக்கு, கிழக்குப் பக்கங்களில் தரையிலிருந்து கோழி உட்காரும் உயரத்துக்கு மேல் வரை சாக்கு கட்ட வேண்டும். கூரைக்கு அடியில் ஒரு அடி இடைவெளி எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். தெற்குப் பக்கம் வலையோடு விட்டுவிடலாம். பொழுது சாயும்போது சாக்கை இறக்கி, வெயில் வந்ததும் சுருட்டி மேலே கட்டிவிட வேண்டும். பிளாஸ்டிக் தாளைவிடச் சணல் சாக்கு நல்லது. காற்றைத் தடுத்தாலும் ஈரத்தைத் தேக்காது. நனைந்த சாக்கை அன்றே காயப்போட வேண்டும்.

சிமென்ட் தரையும் மண் தரையும் இரவில் சூட்டை உறிஞ்சும். அதனால் நெல் உமி, கடலைத்தோல், தென்னைநார்க்கழிவு, மரச்சீவல் இவற்றில் கிடைப்பதை மூன்று நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்ப வேண்டும். வாரம் இரண்டு முறை கிளறிவிட்டு, கட்டிதட்டிய ஈரக்கூளத்தை அள்ளிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். நீற்றின சுண்ணாம்புத் தூளைக் கொஞ்சம் தூவிக் கிளறினால் ஈரம் இழுக்கும். ஒரு பிடி கூளத்தை அள்ளி இறுக்கிப் பார்த்தால், விட்டதும் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். ஈரக்கூளத்தில்தான் ரத்தக்கழிச்சல் கிருமி பெருகும்.

உட்காரத் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் பரண் கட்டை தேவை. ஒரு கோழிக்கு எட்டு அங்குல நீளம் கணக்கு. கட்டை இரண்டு அங்குல அகலத்தில், முனை மழுங்கியதாக இருந்தால் கோழி பாதத்தைப் பரப்பி உட்கார்ந்து விரல்களை இறகால் மூடிக்கொள்ளும். இரும்புக் குழாய் சில்லென்று குளிரும். மரம் அல்லது மூங்கிலே ஏற்றது.

தொழிற்சாலைப் பக்கத்து ஆபத்து

ஓசூர், பேகேப்பள்ளி, சூளகிரி வட்டாரத்தில் சிப்காட் வேலையும் விவசாயமும் ஒரே வீட்டில் நடக்கின்றன. ஒருவர் ஷிஃப்டுக்குப் போக, இன்னொருவர் ராகிக்காட்டையும் மாட்டையும் கோழியையும் பார்த்துக்கொள்வார். பழைய பொருள் கடைகளில் தொழிற்சாலைக் கழிவுகள் மலிவாகக் கிடைப்பதால், கூடு கட்டவும் கூளம் பரப்பவும் அவற்றையே எடுத்துக்கொள்வது இயல்பு. இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும்.

அட்டைப்பெட்டி, சுத்தமான மரப்பலகை, பயன்படுத்தாத மரச்சீவல் இவை நல்லவை. எண்ணெய் துடைத்த பஞ்சுக்கழிவு, பெயின்ட் படிந்த பலகை, பிளைவுட் அறுத்த தூள் இவை கூட்டுக்குள் வரக்கூடாது. தெர்மாகோல் குளிர் தாங்கும் என்று சுவரில் ஒட்டுவோர் உண்டு. கோழி அதைக் கொத்தித் தின்னும், இரைப்பை அடைத்துக்கொள்ளும். ஒட்டினால் மேலே பலகையோ தகரமோ வைத்து மறைக்க வேண்டும். ரசாயனம் இருந்த கேனை எத்தனை முறை கழுவினாலும் தண்ணீர் வைக்கப் பயன்படுத்தக்கூடாது.

பசுமைக்குடில் ரோஜாத் தோட்டத்துக் கழிவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கழித்துப்போட்ட பூவும் தழையும் பூச்சிமருந்து அடித்தவை. கோழி கிளறும் குப்பைமேட்டில் அவற்றைக் கொட்டக்கூடாது. சந்தையில் கழித்த முட்டைக்கோஸ் தழையையும், மருந்தடிக்காத தோட்டத்துடையது என்று தெரிந்தால் மட்டும் கொடுக்கலாம்.

குஞ்சுக்குச் சூடு எவ்வளவு?

பிறந்த குஞ்சின் உடலில் மெல்லிய பொசுங்கு மயிர்தான் இருக்கும். தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை தாயின் வயிறோ பல்போ வேண்டும்.

தாய்க்கோழியை நம்பி விடுபவர்கள் அடைவைக்கும்போதே கணக்கைக் குறைக்க வேண்டும். வெயில் காலத்தில் பன்னிரண்டு, பதினைந்து முட்டை வைக்கும் கோழிக்கு, குளிரில் எட்டு முதல் பத்து போதும். ஓரத்தில் இறகுக்கு வெளியே நிற்கும் முட்டை குளிர்ந்து கூமுட்டையாகும். பொரித்த குஞ்சுகளிலும் தாயின் இறக்கைக்குள் இடம் கிடைக்காதவைதான் விடியலில் விறைக்கின்றன. பஞ்சாரத்தின் அடியில் சாக்கு விரித்து, அதன்மேல் உமி பரப்பித் தாயையும் குஞ்சையும் கவிழ்க்க வேண்டும். பனி விலகி, புல் காய்ந்த பிறகே வெளியில் விட வேண்டும்.

எல்லைப் பகுதியில் கிரிராஜா, சுவர்ணதாரா போன்ற ரகங்களை வளர்ப்பவர்களும் உண்டு. இவை பெங்களூரு ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் உருவானவை. இப்படி வாங்கிவரும் குஞ்சு தாயில்லாமல் வருகிறது. அதற்குச் செயற்கை அடைகாப்பு கட்டாயம்.

ஐம்பது குஞ்சுக்கு ஒன்றரை அடி உயர அட்டையாலோ தகரத்தாலோ மூன்று நான்கு அடி அகலத்தில் வட்டத் தடுப்பு அமைக்க வேண்டும். மூலை இருந்தால் குஞ்சுகள் அங்கே குவிந்து ஒன்றையொன்று நசுக்கும், அதனால்தான் வட்டம். உமி மேல் செய்தித்தாள் விரித்து, ஒரு குஞ்சுக்கு இரண்டு வாட் என்ற கணக்கில் பல்பு தொங்கவிட வேண்டும். 100 வாட் பல்பு ஒன்றைவிட 60 வாட் பல்பு இரண்டு நல்லது; ஒன்று பியூஸ் போனாலும் மற்றது காக்கும். பல்பு குண்டு பல்பாக இருக்க வேண்டும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருமே தவிர, குஞ்சுக்குப் போதுமான சூடு தராது. 'பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது, குஞ்சு செத்துவிட்டது' என்ற புலம்பலுக்குப் பல வீடுகளில் இதுவே காரணம்.

முதல் வாரம் குஞ்சின் உயரத்தில் 35 டிகிரி வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். வெப்பமானி இல்லாவிட்டால் குஞ்சுகளே அளவு சொல்லும். பல்பின் கீழ் குவிந்து கத்தினால் சூடு போதவில்லை. பல்பைத் தாழ்த்த வேண்டும். தடுப்பின் ஓரத்துக்கு ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் மறுபக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்தும் மேய்ந்தும் இருந்தால் சரியான அளவு. மற்ற ஊர்களில் மூன்று வாரத்தில் பல்பை எடுத்துவிடலாம். ஓசூர் மேட்டில் பகலில் அணைத்தாலும், ஐந்தாவது வாரம் வரை இரவில் தேவைப்படும்.

இரவில் மின்சாரம் போனால் குஞ்சுகளைத் துளையிட்ட அட்டைப்பெட்டிக்கு மாற்றி, சுடுநீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றி நடுவில் வைக்கலாம். நெருக்கமாக இருப்பதால் குஞ்சுகளின் சூடும் சேர்ந்து காக்கும். கரி நெருப்பை மூடிய அறைக்குள் வைக்கவே கூடாது. லைன் வீடுகளில் குஞ்சுப்பெட்டி இருக்கும் அறையிலேயே குடும்பமும் படுக்கிறது. கரிப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். பல்பையும் கயிற்றை மட்டும் நம்பித் தொங்கவிடாமல் கம்பியில் கட்ட வேண்டும். அறுந்து உமியில் விழுந்தால் தீப்பிடிக்கும்.

அந்தியில் தானியம், விடியலில் வெதுவெதுப்பான நீர்

குளிரில் உடல் சூட்டுக்காகக் கோழி கூடுதலாகத் தின்னும். மேய்ச்சலோ குறையும். பனியில் புழு பூச்சி மேலே வராது. கோழியும் தாமதமாகவே வெளியேறும். அதனால் வழக்கமாகப் போடுவதோடு ஒரு கோழிக்கு ஒரு கைப்பிடி தானியம் சேர்க்க வேண்டும். அதையும் அடைவதற்கு முன், மாலையில் போடுவது நல்லது. இரைப்பையில் உள்ள முழுத்தானியம் இரவெல்லாம் மெல்லச் செரித்துச் சூடு தரும். இந்த மாவட்டத்து ராகியும், உடைத்த மக்காச்சோளமும், கம்பும் இதற்கு ஏற்றவை.

கதிரடித்த களத்தில் சிந்திய ராகி கோழிக்கு நல்ல தீவனம்தான். ஆனால் அறுவடை நேரத்து மழையில் நனைந்து பூஞ்சை பூத்த ராகி, மக்காச்சோளம், கடலைப்பிண்ணாக்கு இவற்றைக் 'கோழிக்குத்தானே' என்று கொட்டக்கூடாது. பூஞ்சை நஞ்சு ஈரலைக் கெடுத்து, நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும்.

தண்ணீர் சில்லென்று இருந்தால் கோழி குறைவாகவே குடிக்கும். தண்ணீர் குறைந்தால் தீனியும் குறையும். காலையில் பழைய நீரைக் கொட்டிவிட்டு வெதுவெதுப்பான நீர் வைத்தால் போதும். இரவில் கூட்டுக்குள் தண்ணீர் பாத்திரம் வேண்டாம். கவிழ்ந்து கூளம் நனையும்.

சளியா, வெள்ளைக்கழிச்சலா?

குளிர்காலத்தில் எல்லாவற்றையும் 'சளி' என்று நினைத்து நாள் கடத்துவதில்தான் பெரிய இழப்பு வருகிறது. மூக்கொழுகி, முகம் வீங்கி, ஒழுகல் நாற்றமடித்தால் அது பெரும்பாலும் பாக்டீரியாவால் வரும் சளி நோய். மருத்துவர் தரும் மருந்தில் குணமாகும். மூச்சுத் திணறலோடு பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, அடுத்தடுத்து கோழிகள் சாய்ந்தால் அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். ராணிக்கெட் நோய் என்பதும் இதுவே. 1920களில் வடக்கே மலையூரான ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் அந்தப் பெயர் நின்றது. இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. தடுப்பூசி ஒன்றே வழி.

தமிழகத்தில் கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. எட்டு வாரம் தாண்டிய கோழிகளுக்கு இறக்கையில் போடும் ஊசி அப்போது இலவசமாகக் கிடைக்கும். ஆனால் கார்த்திகையில் பொரித்த குஞ்சு அதுவரை காத்திருக்கக்கூடாது. அதற்கு ஏழாம் நாளிலேயே கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து விட வேண்டும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஒரு குப்பியில் பெரும்பாலும் நூறு குஞ்சுக்கோ அதற்கு மேலோ போதுமான மருந்து இருக்கும். கலந்துவிட்டால் சிறிது நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்துக் குஞ்சு வைத்திருப்பவர் தனியாகப் போனால் மீதி வீணாகும். ஒரு தெருவில் ஏழெட்டு வீட்டார் ஒரே வாரத்தில் அடைவைத்து, குஞ்சுகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு ஒரே நாளில் கால்நடை மருந்தகத்துக்குப் போனால் குப்பியும் வீணாகாது, தெருவுக்கே பாதுகாப்பு. மகளிர் குழு உள்ள ஊரில் இதை ஏற்பாடு செய்வது எளிது.

எல்லையோர ஊர்களில் அத்திப்பள்ளி, ஆனேக்கல், மாலூர் பக்கத்துச் சந்தைகளுக்கும் நம் சந்தைகளுக்கும் கோழிகள் போய்வருகின்றன. வாங்கிவந்த கோழியை மூன்று வாரம் தனியாக அடைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தில் சேர்க்க வேண்டும். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கர்நாடகத்தின் சிக்கபள்ளாப்பூர்ப் பகுதியில் பறவைக்காய்ச்சல் கண்டறியப்பட்டதை மறந்துவிடக்கூடாது. பல கோழிகள் ஒரே நேரத்தில் இறந்தால் அறுத்துச் சாப்பிடவோ, ஏரியில் வீசவோ கூடாது. உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். பெரிய பண்ணைகளுக்கு வேலைக்குப் போய்வருபவர்கள், செருப்பை மாற்றி, கைகால் கழுவிய பிறகே வீட்டுக் கூட்டுக்குள் நுழைய வேண்டும்.

நாட்டுக்கோழி விற்பனைக்கு வர நான்கு, ஐந்து மாதம் ஆகும். கார்த்திகையில் பொரித்த குஞ்சு பங்குனி, சித்திரையில் ஊர்த் திருவிழாக்கள் வரும்போது எடைக்கு வந்து நிற்கும். அந்தச் சமயத்தில் கோழிக்குக் கேட்ட விலை கிடைக்கும். பல வீடுகளில் பெண்களின் கைக்கு நேராக வரும் பணம் அது. மார்கழியில் பிழைக்கும் ஒவ்வொரு குஞ்சும் அந்தக் கணக்கில் சேர்கிறது.

வாசகர்கள் கேட்பவை

*குளிர்காலத்தில் முட்டை குறைகிறது. கூட்டுக்குச் சூடு கொடுத்தால் கூடுமா?*

கூடாது. முட்டை குறைவதற்கு முக்கியக் காரணம் பகல் வெளிச்சம் குறைவதும் இறகு உதிர்வதும்தான். மார்கழியில் ஓசூரில் பகல் பொழுது சுமார் 11 மணி 20 நிமிடமே. முட்டைக்கோழிக்கு 14 மணி நேர வெளிச்சமாவது வேண்டும். கிரிராஜா போன்ற ரகங்களுக்கு விடியலுக்கு முன் ஒரு பல்பைப் போடலாம், இதற்கு எல்.இ.டி. போதும். நாட்டுக்கோழியை அதன் போக்கில் ஓய்வெடுக்க விடுவதே நல்லது.

*துளசி, தூதுவளை, மஞ்சள் கொடுக்கலாமா?*

கொடுக்கலாம். கற்பூரவள்ளி, சின்ன வெங்காயம், பூண்டு ஆகியவற்றையும் அரைத்துத் தவிட்டில் பிசைந்து தரலாம். இவை சாதாரணச் சளிக்குத் துணையாக இருக்கும். தடுப்பூசிக்கு மாற்றாக இவற்றை நினைத்துவிடக்கூடாது.

*இரவு ஷிஃப்ட் முடித்து வரவே நேரமாகிறது. கூட்டை எப்போது திறப்பது?*

கூரைக்கு அடியில் காற்று போக வழி இருந்தால், பனி விலகும் வரை கோழி உள்ளேயே இருக்கலாம். எட்டு மணிக்குத் திறந்தாலும் குறையில்லை. அடைப்பதில் மட்டும் தாமதம் கூடாது. பொழுது சாய்ந்ததும் அடைக்க, ஷிஃப்டுக்குப் போகாத ஒருவரிடம் பொறுப்பைக் கொடுக்க வேண்டும்.

*சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது?*

முதலில் அருகிலுள்ள கால்நடை மருந்தகம். கால்நடை அவசர ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். ஓசூர் மத்திகிரியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி இயங்குகிறது. வளர்ப்பு முறை, தீவனம், ரகத் தேர்வு பற்றி அங்கே நேரில் விசாரிக்கலாம்.